கூட்டத்தில் விழாமல் நின்றால் போதுமா?

கேள்வி, 2025 அக்டோபர் 1, காலை

கரூரில் விஜய் பிரச்சாரக் கூட்ட நெரிசலில் பலர் இறந்த செய்தியைப் பார்த்ததிலிருந்து வீட்டில் ஒரே வாக்குவாதம். கூட்டத்தில் கீழே விழுபவர்கள்தான் மிதிபட்டுச் சாகிறார்கள், காலை அழுத்தி ஊன்றி நிற்கத் தெரிந்தவனுக்கு ஒன்றும் ஆகாது என்பது என் கட்சி. நான் ஆறடி, எண்பது கிலோ. நான் ஏன் பயப்பட வேண்டும்? தவறென்றால் சொல்லுங்கள்.

பதில், அக்டோபர் 1, இரவு

தவறுதான். நின்றபடியே சாகிறார்கள்.

மூச்சை வெளியே விட இடம் தேவையில்லை. உள்ளே இழுக்கத்தான் நெஞ்சுக்கூடு விரிய வேண்டும். முன்னாலும் பின்னாலும் ஆட்கள் அழுத்தும்போது, மூச்சு விட்டதும் நெஞ்சு சுருங்குகிறதே, அந்த இரண்டு விரல் இடத்தைப் பக்கத்து உடம்பு பிடித்துக்கொள்கிறது. அடுத்த மூச்சுக்கு அது திரும்பக் கிடைக்காது. சில நிமிடங்களில் நினைவு போய்விடும். நினைவு போனவர் விழக்கூட இடமில்லாமல் நின்றுகொண்டே இருப்பார். இங்கிலாந்தில் ஹில்ஸ்பரோ மைதானத்தில் 1989 ஏப்ரல் 15 அன்று நடந்த நெரிசல் 97 உயிர்களைக் கொண்டுபோனது. கம்பி வேலிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஓட இடமே இருக்கவில்லை. சியோலில் இதேவான் பகுதிச் சந்து ஒன்றில் 2022 அக்டோபர் 29 இரவு 159 பேர். அந்தச் சந்தின் குறுகலான இடம் மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அதுவும் சரிவு.

ஆங்கிலப் பத்திரிகைகள் இதற்கெல்லாம் ஸ்டாம்பீட் என்று எழுதுகின்றன. மாடுகள் மிரண்டு ஓடுவதற்கான சொல் அது. நம்முடைய நெரிசல் என்ற சொல்தான் நடந்ததைச் சரியாகச் சொல்கிறது.

ஆறடி உயரம் உதவும், மறுக்கவில்லை. தலை மேலே இருந்தால் காற்றாவது கிடைக்கும். குழந்தைகளும் குட்டையான பெண்களும் முதலில் மயங்குவது அதனால்தான். ஆனால் எண்பது கிலோவை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இப்படிப்பட்ட நெரிசல்களில் இரும்புத் தடுப்பே வளைந்திருக்கிறது.

பெரிய கேரம் போர்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சற்றுப் பெரிய சதுரம்தான் ஒரு சதுர மீட்டர். அதில் மூன்று, நான்கு பேர் இருந்தால் நடக்கலாம். ஐந்து பேர் என்றால் இடிபடுவோம். ஆறேழு பேர் ஆனதும் கூட்டம் தண்ணீர் மாதிரி நடந்துகொள்ளும். எங்கோ ஒரு மூலையில் தள்ளியது அலையாக வந்து நம்மைப் பல அடி தூக்கிக்கொண்டு போகும். ஜான் ஃப்ரூயின் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். அங்கே காலை ஊன்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

அக்டோபர் 2

"சரி, மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?" என்று நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். 

கைகளைத் தொங்கவிடாதீர்கள். தொங்கிய கையைப் பிறகு மேலே கொண்டுவர முடியாது. குத்துச்சண்டைக்காரர் மாதிரி இரண்டு முன்னங்கையையும் நெஞ்சுக்கு முன்னால் வைத்து, விலா எலும்புக்கும் முன்னால் நிற்பவர் முதுகுக்கும் நடுவே ஒரு சாண் இடத்தைக் காப்பாற்றுங்கள். அந்தச் சாண்தான் உங்கள் மூச்சு. கத்தாதீர்கள், காற்று வீணாகும். அலை வரும்போது எதிர்த்துத் தள்ளாமல் அதோடு போய், அது தணிந்த நொடியில் ஓரத்தை நோக்கிச் சாய்வாக ஓர் அடி எடுத்து வையுங்கள். மறுபடி அலை, மறுபடி ஓர் அடி. ஓரம் என்றால் திறந்த ஓரம். சுவரும் கம்பித் தடுப்பும் இருக்கும் ஓரத்தில் எல்லாருடைய அழுத்தமும் வந்து முடியும்.

செருப்பு, செல்போன், சங்கிலி எது விழுந்தாலும் குனியக்கூடாது. விழுந்தே விட்டால் குப்புறவும் வேண்டாம், மல்லாக்கவும் வேண்டாம். பக்கவாட்டில் சுருண்டு, முழங்காலை நெஞ்சோடு சேர்த்து, கைகளால் தலையை மூடிக்கொள்ளுங்கள். எழ முடிந்த முதல் நொடியில் எழுந்துவிட வேண்டும். முதுகுப் பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள், நெஞ்சுக்கு மெத்தை மாதிரி இருக்கும்.

பக்கத்தில் ஒருவர் மயங்கிவிட்டால் "தண்ணி குடு" என்று வாயில் ஊற்றாதீர்கள். வெளியே எடுத்து, மூச்சில்லை என்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். 108 வரும்வரை நிறுத்தக்கூடாது.

அக்டோபர் 2, பின்னிரவு

தூக்கம் வரவில்லை. இதில் நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

1992 பிப்ரவரி 18, கும்பகோணம் மகாமகம். எனக்குப் பத்து வயது. தாராசுரத்தில் பெரியம்மா வீட்டில் தங்கி, விடியற்காலையிலேயே கிளம்பி நடந்து வந்தோம். அம்மா, பெரியம்மா, நான். குளத்துக்குப் போகும் தெரு ஒன்றில் கூட்டம் இறுகியது. அம்மாவின் இடுப்பைக் கட்டிப் பிடித்திருந்தேன். என் முகம் முழுக்க யாருடைய ஈரச் சேலையோ. இரண்டு மூன்று எட்டு என் கால் தரையில் படவே இல்லை.

அம்மா அங்கேயே முடிவெடுத்தார். பெரியம்மா "இவ்வளவு தூரம் வந்துட்டு தீர்த்தம் ஆடாம போறதா" என்று கத்தக் கத்த, என்னை இழுத்துக்கொண்டு ஒரு வீட்டுத் திண்ணையில் ஏறிவிட்டார். தூணைப் பிடித்தபடி மதியம் தாண்டியும் அங்கேயே நின்றோம். அந்த வீட்டுப் பாட்டி நீர்மோர் கொடுத்தார். குளக்கரையில் நடந்தது சாயங்காலம்தான் தெரிந்தது. முதலமைச்சர் ஜெயலலிதா நீராட வந்த நேரம், கரையோரக் கட்டடம் ஒன்றின் கம்பித் தடுப்பு சரிந்து, நெரிசலில் ஏறக்குறைய ஐம்பது பேர் இறந்துபோனார்கள். பெரியம்மா அதற்கப்புறம் தீர்த்தத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

நெஞ்சுக்கு முன்னால் கையை வைப்பதெல்லாம் கடைசி ஐந்து நிமிடத்துக்கு. அம்மா செய்தது அதற்கு முந்தைய அரைமணி நேரத்துக்கு. முக்கியமானது அதுதான். திரும்பிப் போவது அசட்டுத்தனமாகத் தோன்றும் நேரத்திலேயே திரும்பிவிட வேண்டும். சரியான முடிவாகத் தோன்றும்வரை காத்திருந்தால் திரும்ப வழி இருக்காது.

அக்டோபர் 5

அம்மாவிடம் மேலே இருப்பதைப் படித்துக் காட்டினேன். "அப்படியெல்லாம் இல்லடி" என்கிறார்.

நடந்தது இது. என் செருப்பு ஒன்று கழன்று போய்விட்டதாம். புதுச் செருப்பு. நான் அழ ஆரம்பித்து, குனிந்து தேடப் பார்த்திருக்கிறேன். அம்மா என் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, "அழுகையை நிறுத்தட்டும், அப்புறம் போகலாம்" என்றுதான் திண்ணையில் ஏற்றினாராம். ஏறி நின்று பார்த்த பிறகுதான் தெரு முழுக்கத் தலைகளாக இருந்தது தெரிந்ததாம். உள்ளே இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை, எல்லாத் திருவிழாவும் மாதிரிதான் இருந்தது என்றார்.

முப்பத்து மூன்று வருடமாக அம்மாவின் சமயோசிதம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது ஒரு ஜோடிச் செருப்பு.

இது என்னை உலுக்கிவிட்டது. கூட்டத்துக்குள்ளே இருந்தால் நம் உயரத்தில் நாலு முதுகு தெரியும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் உள்ளுணர்வு வந்து சொல்லும் என்று நம்பக்கூடாது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஓர் அளவு வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது எங்கள் வீட்டு அளவு: முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ கேட்காமலே என்னை யாராவது அழுத்துகிறார்களா? நின்ற இடத்தில் ஒரு முழுச் சுற்று சுற்ற முடிகிறதா? முடியவில்லை என்றால் கிளம்பிவிடுவது. யார் முதலில் "போகலாம்" என்றாலும் மற்றவர் மறுபேச்சுப் பேசக்கூடாது. அந்த உரிமை என் பதினாலு வயது மகளுக்கும் உண்டு.

அக்டோபர் 7

பை விஷயத்தில் திருத்தம். மெத்தை என்று எழுதியது அவசரம். பை உப்பலாக இருந்தால் அதுவே நெஞ்சில் அழுந்தும். தோளின் குறுக்கே போடும் பை இன்னும் மோசம், வார் எங்காவது சிக்கினால் கழுத்தை இழுக்கும். துப்பட்டாவும் அப்படித்தான், முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிவிடுங்கள். பையே வேண்டாம். பணம், போன், மாத்திரை, ஒரு தண்ணீர் பாட்டில் போதும். நழுவும் செருப்பும் வேண்டாம். எந்த நெரிசலுக்குப் பிறகும் வரும் படத்தைப் பாருங்கள், தரை முழுக்கச் செருப்பாக இருக்கும்.

அக்டோபர் 11

"இத்தனை ஜாக்கிரதையும் ஜனங்கள்தான் எடுக்க வேண்டுமா? ஏற்பாடு செய்தவர்கள் என்ன செய்தார்கள்?" என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். அந்தக் கோபம் எனக்கும் உண்டு, இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இதேவானில் அன்று மாலை 6:34க்கே ஒருவர் போலீசுக்குப் போன் செய்து, இங்கே நசுங்கிச் சாகப்போகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். பேரழிவு நடந்தது இரவு 10:15ஐ ஒட்டி. நடுவில் அதேபோல இன்னும் பத்து அழைப்புகள். அந்த மனிதர் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தார். வேறென்ன செய்ய முடியும் அவரால்?

சென்னை எம்.ஜி.ஆர். நகரில் 2005 டிசம்பர் 18 அன்று வெள்ள நிவாரணத்துக்காக விடியலுக்கு முன்பே வாசலில் காத்திருந்தவர்களில் 42 பேர் இறந்தார்கள். அவர்களிடம் போய் "கூட்டம் இறுகினால் திரும்பிவிடுங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வருமா? வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து எல்லாம் போனவர்களுக்கு அந்த வரிசையை விட்டு வருவது நிவாரணத்தையே விட்டு வருவது. திரும்பும் வசதி எல்லாருக்கும் இல்லை. நான் எழுதுவதெல்லாம் வேடிக்கை பார்க்கவும் சாமி பார்க்கவும் தலைவரைப் பார்க்கவும் போகிறவர்களுக்குத்தான் பொருந்தும். மற்றவர்களுக்கு வாசலை அகலமாக வைப்பதும், நாளைப் பிரித்துக் கொடுப்பதும், எண்ணி உள்ளே விடுவதும்தான் பாதுகாப்பு. அதைச் செய்ய வேண்டியவர்கள் செய்ய வேண்டும்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பின்னால் நின்று தள்ளுகிறவர் கெட்டவர் அல்ல. முன்னால் ஆள் செத்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. அவர் உணர்வது ஓர் அங்குல நகர்வை மட்டும்தான். அதனால் கூட்டத்தின் பின்பாதியில் நிற்கும்போது முன்னாலிருந்து கூச்சல் கேட்டால், என்னவென்று பார்க்க நெருங்காமல் பத்தடி பின்னால் போங்கள், பக்கத்தில் இருப்பவர்களையும் பின்னால் வரச் சொல்லுங்கள். முன்னால் இருப்பவர்களுக்கு வெளியிலிருந்து வரக்கூடிய உதவி அது ஒன்றுதான்.

பார்க்க வந்ததே நகர்கிறது என்றால் இன்னும் கவனம் வேண்டும். மேடை ஒரே இடத்தில் இருந்தால் கூட்டமும் ஒரு நிலைக்கு வரும். வண்டியோ தேரோ வாகனமோ நகர்ந்தால் பின்னால் இருப்பவர்கள் தொடர்ந்து வருவார்கள், முன்னால் இருப்பவர்கள் விலக இடம் தேடுவார்கள், நடுவில் இருப்பவர்கள் பிழிபடுவார்கள். மதுரையில் 2022 ஏப்ரல் 16 அன்று அழகர் ஆற்றில் இறங்கிய நெரிசலில் இரண்டு பேர் போனார்கள். கரூர் வேலுச்சாமிபுரத்தில் செப்டம்பர் 27 இரவு குழந்தைகள் உட்பட 41 பேர். பகலெல்லாம் வெயிலில் காத்திருந்த கூட்டம் அது.

அக்டோபர் 19

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. ரங்கநாதன் தெரு. போயிருக்கவே கூடாது, போனோம். மாம்பலம் ரயில் நிலையப் பக்கமிருந்து நுழைந்து இருபது கடை தூரம்கூடப் போகவில்லை, மகள் "அம்மா, சுத்த முடியல" என்றாள். எனக்கு இன்னும் முடிந்தது. அவளுக்கு முடியவில்லை. பேச்சு பேச்சுதான், பக்கத்துக் கடைக்குள் ஏறி நின்று, கொஞ்சம் தளர்ந்ததும் வந்த வழியே வெளியே வந்துவிட்டோம். அன்று அங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. துணியை எங்கள் பேட்டைக் கடையிலேயே எடுத்தோம். நிறம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

நவம்பர் 2

போராட்டங்களைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு கல்லூரி மாணவிகள் கேட்டிருந்தார்கள். என் அனுபவம் ஒன்றே ஒன்றுதான், மெரினா, 2017 ஜனவரி. ஜல்லிக்கட்டுக்காக 17ஆம் தேதி தொடங்கியதில் நான் இரண்டு ராத்திரி இருந்தேன். அவ்வளவு பெரிய கூட்டத்தில் எனக்கு ஒரு தடவைகூட மூச்சு முட்டவில்லை. அப்போது அது ஆச்சரியமாக இருந்தது. இப்போது காரணம் புரிகிறது. பெரும்பாலும் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். உட்கார்ந்த ஆளுக்குச் சம்மணம் போடும் அளவு இடம் தானாகக் கிடைத்துவிடும். ஒரு பக்கம் முழுக்க மணல் வேறு. ஆபத்து எல்லாரும் ஒரே நேரத்தில் எழும்போதுதான்.

23ஆம் தேதி காலை போலீஸ் கூட்டத்தை வெளியேற்றத் தொடங்கியபோது நான் வீட்டில். என் சித்தி மகன் அங்கே இருந்தான். தேசிய கீதம் பாடிக்கொண்டிருந்த பக்கத்திலிருந்து தண்ணீர் ஓரமாக நடந்து மீனவர் குடியிருப்புப் பக்கம் போயிருக்கிறான். ஒரு வீட்டில் கதவைத் திறந்து உள்ளே விட்டுச் சோறு போட்டார்கள். அன்று மாணவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த நடுக்குப்பம் மக்கள் அதற்காக என்ன பாடு பட்டார்கள், அவர்களுடைய மீன் சந்தை எப்படி எரிந்துபோனது என்பது ஊரறிந்தது. அதை மறக்காமல் இருப்பது நம் கடமை.

அவன் தப்பித்ததற்குக் காரணம் முதல் நாளே வழி பார்த்து வைத்திருந்ததுதான். போன உடனே செய்ய வேண்டியது அது. எந்தத் தெரு முட்டுச் சந்து, எந்தத் தெரு பெரிய சாலையில் போய்ச் சேரும், பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது. கூட்டத்தில் போன் வேலை செய்யாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு போகாத இடத்தில் குறுஞ்செய்தி சில நேரம் போகும். ஒரு வக்கீலின் எண்ணையும் வீட்டு எண்ணையும் முன்னங்கையில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள், போன் பறிபோனாலும் கை இருக்கும். இலவசச் சட்ட உதவிக்கு 15100.

சூழ்நிலை மாறுவதைக் கவனியுங்கள். யாரோ கல்லைப் பொறுக்குகிறார்கள், போலீஸ் வரிசை ஹெல்மெட் மாட்டிக்கொள்கிறது, கலைந்து போகச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள் என்றால் நீங்கள் இருக்க நினைத்த காரணமும் இப்போது நடப்பதும் ஒன்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிளம்புவதென்றால் ஓடாமல் வேகமாக நடங்கள். ஓடினால் பின்னால் இருப்பவர் என்னவென்று தெரியாமலே ஓடுவார். கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும், வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும். பெண்களைப் பொழுது சாய்ந்து விடிவதற்குள் கைது செய்ய விதிவிலக்கான காரணமும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும், பெண் அதிகாரியும் வேண்டும். இதைத் தெரிந்து வைத்திருங்கள், அமைதியாகச் சொல்லுங்கள்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. கழிப்பறை இருக்காதே என்று தண்ணீர் குடிக்காமல் வருகிறோம். நானும் செய்திருக்கிறேன். போகாதீர்கள் அப்படி. 2024 அக்டோபர் 6 அன்று அதே மெரினாவில் விமான சாகசம் பார்க்க வந்தவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். வெயிலும் தாகமும் பட்டு ஏராளமானவர்கள் மயங்கி விழுந்தார்கள். முதலில் கழிப்பறை எங்கே என்று பாருங்கள், அப்புறம் மேடை எங்கே என்று பார்க்கலாம்.

நவம்பர் 3

கண்ணீர்ப் புகைக்கு வெங்காயம், பற்பசை எல்லாம் சொல்கிறார்களே என்று கேள்வி. வேலைக்கு ஆகாது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் போங்கள். புகை கனமானது, தாழ்ந்த இடத்தில் தங்கும், அதனால் மேடான இடம் நல்லது. கண்ணைக் கசக்காமல் சுத்தமான தண்ணீரால் நிறையக் கழுவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போட்டுப் போகவே வேண்டாம். முகத்தில் எண்ணெய், கிரீம் தடவினால் புகையின் ரசாயனம் அதில் ஒட்டிக்கொள்ளும். ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலர் சட்டைப் பையில் இருக்க வேண்டும். உருண்டு வரும் குண்டைக் கையால் எடுக்காதீர்கள், சுடும்.

நவம்பர் 9

ஆறடி எண்பது கிலோக்காரர் மறுபடி வந்து, "அலை வருவதை முன்கூட்டியே உணர முடியுமா?" என்கிறார். ஸ்பெயினின் பாம்ப்லோனா திருவிழாத் தொடக்கக் கூட்டத்தை மேலிருந்து படம் பிடித்து ஆராய்ந்து இந்த வருடம் வெளியிட்டிருக்கிறார்கள். கூட்டம் ஓர் அடர்த்தியைத் தாண்டியதும், யாரும் திட்டமிடாமலே நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து மெதுவாக வட்டமாக ஆடத் தொடங்குகிறார்கள். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 18 நொடி. ஜெர்மனியில் 21 பேர் இறந்த 2010 டூயிஸ்பர்க் நெரிசலின் படங்களிலும் அதே மாதிரி ஆட்டம் தெரிந்ததாம். உங்கள் விருப்பமில்லாமல் உடம்பு மெல்ல ஆடுகிறது என்றால், நேரம் ஏற்கெனவே கடந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு ஓரம் தேடுங்கள்.

டிசம்பர் 6

தீபம் பார்க்கத் திருவண்ணாமலைக்கு அம்மா கிளம்பியதைத் தடுத்து, மொட்டை மாடியில் விளக்கு வைத்தோம். அதற்குப் பதிலாக 2028 மகாமகத்துக்கு அழைத்துப் போவதாக என்னிடம் வாக்கு வாங்கிவிட்டார். 2016இல் பிப்ரவரி 13 முதல் 22 வரை பத்து நாள் நடந்தது. நடுவில் ஒரு நாள் போய் நிதானமாகக் குளித்துவிட்டு வந்தோம். இந்தத் தடவையும் அப்படியே போகலாம் என்கிறேன். "எனக்கு எழுபத்தஞ்சாகும். மகத்தன்னைக்குத்தான்" என்கிறார். இன்னும் பேச்சு முடியவில்லை.

நேற்று ஒரு வேலையாகக் கும்பகோணம் போனபோது அந்தத் திண்ணையைத் தேடிப் போனோம். வீட்டை இடித்துக் கடை கட்டி, தரையோடு இரும்பு ஷட்டர் போட்டிருக்கிறார்கள். அடுத்த வீடும் அப்படித்தான். அம்மா கொஞ்ச நேரம் அந்த ஷட்டருக்கு முன்னால் நின்றார். பிறகு குளத்துப் பக்கமிருந்து தெருக்கோடி வரை நடந்து, ஏறி நிற்கத் திறந்த படி உள்ள வாசல்களை விரல் விட்டு எண்ணினார். இரண்டு பக்கமும் சேர்த்து ஏழு.